கைமாறி வந்த காற்று இருக்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோட்டார் சைக்கிளுக்கான காற்று இருக்கைகள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. முடா இணையதள விளம்பரம், ஃபேஸ்புக் சந்தை, லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தை, நண்பரோடு பண்டமாற்று என்று வழி எதுவாக இருந்தாலும், கையேடு மட்டும் கூடவே வருவதில்லை. வாங்கியவர் காற்றடித்துப் பார்க்கிறார், உட்கார்ந்தால் பிடிக்கவில்லை, உடனே ஓட்டை என்று முடிவுகட்டி அடுத்தவர் தலையில் கட்டிவிடுகிறார். பல சமயம் அந்த இருக்கையில் ஓட்டையே இருப்பதில்லை. செலவில்லாமல் வீட்டு வாசலிலேயே பார்க்கக்கூடியவற்றை முதலில் சொல்கிறேன். குஷன் கடைக்குப் போக வேண்டியவை பிறகு.

காற்று இருக்கையில் எத்தனை வகை? என்னுடையது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று வகைதான் நம் கைக்கு வருகின்றன. முதலாவது, இருக்கையின் மேல் வைத்து வாரால் கட்டும் மெத்தை. உள்ளே சின்னச் சின்னக் காற்றறைகள், ஒன்றோடொன்று துளை வழியாக இணைந்திருக்கும். ஏர்ஹாக் என்ற பெயரில் விற்பது இந்த வகை. ரோஹோ என்ற அமெரிக்க நிறுவனம் சக்கர நாற்காலியில் நாள் முழுவதும் இருப்பவர்களுக்குப் படுக்கைப்புண் வராமலிருக்கச் செய்த மெத்தையின் வழியில் வந்தது அது. இரண்டாவது, இருக்கைக்குள்ளேயே நுரைப்பஞ்சைக் குடைந்து காற்றுப்பை வைத்துத் தைத்தது. பக்கவாட்டில் கையால் அமுக்கும் ரப்பர்க் குமிழ் ஒன்று தொங்கும். மூன்றாவது, குமிழுக்குப் பதில் பொத்தானும் சிறிய மின்பம்பும் கொண்டது.

இருக்கையைக் கழற்றி அடிப்பலகையைத் திருப்பிப் பாருங்கள். குழாய் எதுவும் வெளியே வரவில்லையென்றால் உங்களிடம் இருப்பது வெறும் பஞ்சு. காற்று இருக்கை என்று சொல்லி ஜெல் தட்டு வைத்ததை விற்றவர்களும் உண்டு.

எல்லோரும் சுகம் என்கிறார்கள். எனக்கோ பெரிய பந்தின் மேல் உட்கார்ந்ததுபோல் இருக்கிறது. வளைவில் ஆடுகிறது. இருக்கை கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை, காற்று கூடிவிட்டது. நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான், இதற்கு ஒரு காசும் செலவில்லை.

காற்றுப்பை விறைப்பாக இருக்கும்போது அதன் மேல்தோல்தான் உங்களைத் தாங்குகிறது. மேடாக எழும்பிய இடத்தில் மட்டும் உடம்பு படுகிறது, எடை முழுவதும் அந்தச் சிறிய பரப்பில் இறங்குகிறது. காற்றைக் குறைத்தால் பை உடம்பின் வடிவத்துக்கு வளைந்துகொடுக்கும். தொடை, பின்பக்கம், இடுப்பெலும்பின் கீழ்முனைகள் எல்லாவற்றுக்கும் ஒரே அழுத்தம் பரவும். காற்று இருக்கையின் பயன் முழுவதும் இந்தப் பரவலில்தான் இருக்கிறது.

அளவு வைக்கும் முறை இது. முதலில் தாராளமாகக் காற்றை ஏற்றுங்கள். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அது இல்லாவிட்டால் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சாலையில் எப்படி ஓட்டுவீர்களோ அப்படியே, கால்களை மிதியில் வைத்து, கைகளைக் கைப்பிடியில் வைத்து உட்காருங்கள். கட்டிலில் உட்கார்வதுபோல் தளர்ந்து உட்கார்ந்தால் கணக்குத் தவறிவிடும். இப்போது வால்வை மெல்லத் திறந்து காற்றை விடுங்கள். உடம்பு இறங்கும். இடுப்பெலும்பின் முனைகளுக்குக் கீழே கெட்டியான அடித்தளம் தட்டுப்பட்டவுடன் வால்வை மூடுங்கள். அதிலிருந்து ஓரிரு அமுக்கு மட்டும் காற்றைத் திரும்ப ஏற்றுங்கள். எலும்புக்கும் அடித்தளத்துக்கும் நடுவே ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும்.

இறங்கிப் பார்த்தால் இருக்கை சப்பையாக, கசங்கிப்போனதுபோல் தெரியும். அதைப் பார்த்து மனம் பொறுக்காமல் இன்னும் நாலு அமுக்கு அமுக்குகிறவர்கள்தான் மறுபடி எனக்கு எழுதுகிறார்கள். கண்ணுக்கு அழகாக உப்பியிருக்கும் காற்று இருக்கை உடம்புக்கு ஆகாது.

சரியாக வந்ததா என்று பினாங்குக்காரர்கள் பாலத்திலேயே சோதிக்கலாம். 13.5 கிலோமீட்டர் நீளத்தில் பக்கக்காற்று தாராளமாக அடிக்கும், இருக்கை உங்களுக்குக் கீழே நழுவுகிறதா என்று அங்கே தெரிந்துவிடும். 2019-ஆம் ஆண்டு முதல் மோட்டார் சைக்கிளுக்கு அங்கே கட்டணம் இல்லையாதலால் சோதனைக்கு ஆகும் செலவு பெட்ரோல் மட்டும்தான். கோலாலம்பூரில் ஃபெடரல் நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடம் இதற்குப் போதும்.

எத்தனை பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அடிக்க வேண்டும்? எண்ணெய் நிலையத்தில் டயருக்கு அடிப்பதோடு இதற்கும் அடித்துக்கொள்ளலாமா?

வேண்டவே வேண்டாம். 75 கிலோ எடையுள்ளவர் சுமார் 1,000 சதுர சென்டிமீட்டர் பரப்பில் உட்காருகிறார் என்று வையுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 75 கிராம். பி.எஸ்.ஐ. கணக்கில் அது ஒன்றை ஒட்டித்தான் வருகிறது. டயருக்கு அடிப்பதோ 30-ஐ ஒட்டி. எண்ணெய் நிலையக் குழாயை ஒரு நொடி வைத்தாலும் பையின் ஒட்டுவாய் பிரிந்துவிடும், அது பிரிந்தால் வீட்டில் ஒட்டவே முடியாது. இருக்கையின் வால்வு டயர் வால்வைப் போலவே இருந்தாலும் இதே பதில்தான். சைக்கிள் கைப்பம்பு போதும், அதையும் மெதுவாக.

டயர் அளவுமானியால் இருக்கையை அளக்க முயல வேண்டாம். அந்த முள் இவ்வளவு குறைந்த அழுத்தத்துக்கு அசையாது.

இரவு காற்றடித்து வைத்தால் காலையில் தளர்ந்திருக்கிறது. கசிவுதானே?

கசிவாக இருக்கலாம், வெப்பத்தின் வேலையாகவும் இருக்கலாம். வெயிலில் நின்ற வண்டிக்குக் காற்றடித்தால் உள்ளே இருக்கும் காற்றும் சூடாகவே இருக்கிறது. கறுப்பு உறை 57 பாகை வரை காய்ந்து, விடியற்காலையில் 27 பாகைக்குக் குளிர்ந்தால், காற்றின் கன அளவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். கையால் அமுக்கிப் பார்க்கிறவருக்கு அது கசிவு போலத்தான் தோன்றும்.

ஆகவே சோதனையை நிழலில் செய்யுங்கள். மாலையில் இருக்கையைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து, அது ஆறிய பிறகு காற்றடித்து, நடுவே ஓர் அளவுகோலை நிறுத்தி உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே நேரத்தில், அதே அறையில் மறுபடி அளந்து பாருங்கள். உயரம் மாறவில்லையென்றால் நிம்மதியாகப் பூட்டி ஓட்டுங்கள். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது ரப்பரின் இயல்பு, அதைக் குறையென்று சொல்ல முடியாது. ஒரே இரவில் சப்பையானால் கசிவு உறுதி.

கசிவு இருப்பது தெரிந்துவிட்டது. எங்கே தேடுவது?

பலர் செய்வது, உறையைப் பிரித்துப் பையை வெளியே இழுப்பது. அதைக் கடைசியில் செய்யுங்கள். காற்றுப்பை பஞ்சுக்குள் பத்திரமாகப் படுத்திருக்கிறது. வெயில், மழை, கை, முழங்கால் எல்லாம் படுவது வெளியே தொங்கும் குழாயிலும் குமிழிலும் வால்விலும்தான். முதலில் பழுதாவதும் அவைதான்.

பாத்திரம் கழுவும் சோப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து, பழைய பல் துலக்கியால் நுரை எழும்பாமல் தடவுங்கள். நுரையோடு தடவினால் புதிதாக எழும் குமிழி கண்ணுக்குத் தெரியாது. குமிழ் பம்பின் அடிப்பக்கத் துளை, காற்றை விடும் திருகு, குழாய் குமிழுக்குள் நுழையும் கழுத்து, குழாய் பைக்குள் நுழையும் கழுத்து என்று வரிசையாகப் போங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடமாவது கண் எடுக்காமல் பாருங்கள். பெரிய கசிவில் குமிழி உடனே எழும்பி உடையும். ஒரே இரவில் காற்றை இறக்கும் சின்னக் கசிவில் அப்படி எதுவும் நடக்காது. குழாய் விளிம்பில் கடுகைவிடச் சின்னதாக வெள்ளைப் புள்ளி ஒன்று தோன்றும், அதன் பக்கத்தில் இன்னொன்று, பிறகு இரண்டும் சேர்ந்து ஒரு மெல்லிய வெள்ளை வளையமாகக் குழாயைச் சுற்றிக்கொள்ளும். அந்த வளையத்தைக் கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பெரும்பாலும் அது குழாயின் முனையாகவே இருக்கும். பிவிசி குழாய் நாளடைவில் விறைத்துப்போய், மூட்டுக்குள் நுழையும் இடத்தில் மயிரிழை வெடிப்பு விடும். முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வெட்டி எறியுங்கள். மீதி முனையை வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கி, இளகியவுடன் மூட்டில் அழுத்தி ஏற்றுங்கள். மேலே சின்ன பிளாஸ்டிக் கட்டு ஒன்றைப் போட்டு இறுக்குங்கள். இருக்கை பல ஆண்டு பழையதென்றால் முழுக் குழாயையும் மாற்றுவதே நல்லது. உள்விட்டத்தை அளந்துகொண்டு போனால் இரும்புக்கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள்.

குழாயும் வால்வும் குற்றமற்றவை என்று தெரிந்த பிறகுதான் பை. மேலே கட்டும் மெத்தையென்றால் துணியுறையைக் கழற்றிவிட்டு வாளித் தண்ணீரில் முக்கலாம். இருக்கைக்குள் தைத்ததைப் பஞ்சோடு முக்கிவிடாதீர்கள்.

குமிழை அமுக்கினால் காற்று ஏறவே மாட்டேன் என்கிறது. அல்லது ஏறிய காற்று குமிழுக்கே திரும்பி வருகிறது.

குமிழுக்குள் ஒருவழி வால்வுகள் இருக்கின்றன. அடிப்பக்க வால்வு வெளிக்காற்றை உள்ளே விடும், முன்பக்க வால்வு அதைப் பைக்கு அனுப்பும். அடிப்பக்கம் தூசியடைத்துத் திறந்தே நின்றால், அமுக்கும் காற்று விரலிடுக்கில் வெளியேறிவிடும். அடித் துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு அமுக்கிப் பாருங்கள், காற்று ஏறினால் குற்றம் அங்கேதான். முன்பக்க வால்வு பிடிக்காவிட்டால், அமுக்கிய குமிழ் தானாகவே விறைத்து நிற்கும்.

சுத்தம் செய்து சரிவராவிட்டால் புதுக் குமிழ் வாங்க அமெரிக்காவுக்கு எழுத வேண்டியதில்லை. கையால் அமுக்கி இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியில் இருப்பதும் இதே அமைப்புதான். மருத்துவச் சாதனக் கடைகளில் அந்தக் குமிழும் திருகு வால்வும் தனியாகவே கிடைக்கின்றன. பழைய குழாய்த் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே பொருத்திப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு என்று சொன்னால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

காற்று ஏறுகிறது, இறங்க மறுக்கிறது.

திருகில் உப்போ துருவோ பிடித்திருக்கிறது, அல்லது குழாய் எங்கோ மடங்கியிருக்கிறது. இடுக்கி போட்டுத் திருக வேண்டாம், பித்தளைக் கழுத்து முறிந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கையாலேயே திருகுங்கள்.

பையிலேயே ஓட்டை. சைக்கிள் பஞ்சர் ஒட்டு போடலாமா?

பை எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. ரப்பர் அறைகள் கொண்ட மெத்தைக்கு, அதற்கென்றே விற்கும் ஒட்டுப் பொட்டலம் இருக்கிறது. அது கிடைக்காத இடத்தில் சைக்கிள் ஒட்டு தாக்குப்பிடிக்கும். பளபளப்பாக, பிளாஸ்டிக் வாசனையோடு இருக்கும் பிவிசி பைக்குச் சைக்கிள் ஒட்டு நிற்காது. காற்று மெத்தைக்கும் நீச்சல் மிதவைக்கும் விற்கும் வினைல் பசை வேண்டும். மெல்லியதாக, இழுபடும் தன்மையோடு இருக்கும் பாலியுரித்தேன் பைக்குக் கூடாரத் தையலை அடைக்கும் பாலியுரித்தேன் பசை பொருந்தும். மலையேறும் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும்.

எந்தப் பைக்கும் சூப்பர் பசை வேண்டாம். அது கண்ணாடிபோல் இறுகிவிடும், பையோ நீங்கள் அசையும்போதெல்லாம் மடங்கி நிமிர்கிறது. ஒட்டு பிளந்து, பழைய ஓட்டையைவிடப் பெரிய ஓட்டையோடு நிற்பீர்கள்.

ஒட்டும் முன் பையைத் துடைப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. வண்டி கழுவும் கடையில் இருக்கை மின்ன வேண்டும் என்று சிலிக்கான் தெளிப்பான் அடித்திருப்பார்கள். அது எங்கும் ஊடுருவும், அதன் மேல் எந்தப் பசையும் பிடிக்காது. சோப்பால் கழுவி, உலர்த்தி, ஸ்பிரிட்டால் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் உரசிவிட்டு ஒட்டுங்கள். பெட்ரோலும் தின்னரும் கூடாது. ஒட்டிய பிறகு ஒரு முழு நாள் காற்றடிக்காமல் விட்டுவையுங்கள்.

ஓட்டை ஒட்டுவாயிலோ வால்வின் வேரிலோ இருந்தால் அந்தப் பைக்கு ஆயுள் முடிந்துவிட்டது. மாற்றுப் பை தேடுங்கள்.

உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சாய்கிறது.

இரண்டு பைகள் உள்ள இருக்கையில் நடுவே இணைப்புக் குழாய் ஒன்று இருக்கும். அது மடங்கினால் ஒரு பை நிறையும், மற்றொன்று பட்டினி கிடக்கும். காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, இருக்கையைக் கவிழ்த்துக் குழாயை நேராக்கி மறுபடி ஏற்றுங்கள். ஒற்றைப் பையாக இருந்தால் குற்றம் பஞ்சில் இருக்கலாம்.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நண்பர் ஒருவர் மாற்றிக்கொண்டு வந்த இருக்கையைக் கோலாலம்பூர்ச் செந்தூலில் ஒரு குஷன் கடையில் பிரித்தோம். உறையை உரித்தவுடன் தெரிந்தது, பஞ்சை யாரோ சமையல் கத்தியால் அறுத்திருந்தார்கள். வலது பக்கக் குழி ஆழம், இடது பக்கம் மேலோட்டம். வெட்டு முழுவதும் படிப்படியாக, பல் பல்லாக. பைக்குக் கீழே சமன் செய்ய மடித்து வைத்திருந்த அட்டைப்பெட்டித் துண்டு மழையில் ஊறிக் கூழாகியிருந்தது. கடைக்காரர் எதுவும் சொல்லாமல் அந்த அட்டையை விரலால் கிள்ளிக் கிள்ளி எடுத்துக் காகிதத்தில் வைத்தார். பை மட்டும் புத்தம் புதிதுபோல் இருந்தது. குழியைச் சமமாக வெட்டி, அடியில் கெட்டிப் பஞ்சுத் தட்டு ஒன்றை ஒட்டியவுடன் சாய்வு போய்விட்டது.

கெந்திங் மலை ஏறும்போது இருக்கை கல்லாகிவிடுகிறது. இறங்கினால் சரியாகிறது. இது என்ன மாயம்?

மாயம் இல்லை, காற்றழுத்தம். கெந்திங் உச்சி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கீழே இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். கீழே நிரப்பி மூடிய காற்று மேலே போகப் போக விரிகிறது. மேலே குளிர் என்பதால் கொஞ்சம் சுருங்கவும் செய்யும், ஆனால் விரிவுதான் வெல்லும். கேமரன் மலைக்குப் போகிறவர்களும் இதைக் கவனித்திருப்பார்கள்.

மேலே போனவுடன் ஓட்டும் நிலையில் உட்கார்ந்து கொஞ்சம் காற்றை விடுங்கள். அங்கே விட்ட காற்றைக் கீழே இறங்கியவுடன் திரும்ப ஏற்ற மறந்துவிடுகிறவர்கள் பலர். மலையடிவாரத்துப் பத்தாங்காலியில் தேநீருக்கு நிற்கும்போது இருக்கை தளர்ந்துவிட்டது, கசிவு என்று அங்கிருந்தே படம் பிடித்து அனுப்புகிறார்கள்.

மழையில் நனைந்த பிறகு உட்கார்ந்தால் காற்சட்டை நனைகிறது.

தையல் துளை வழியாகத் தண்ணீர் இறங்கிப் பஞ்சு குடித்துவிட்டது. நம் ஊரில் மாலை மழை சொல்லிவைத்ததுபோல் வருவதால் அது காய நேரமே கிடைப்பதில்லை, பிறகு பூஞ்சை நாற்றம். இருக்கையைக் கழற்றி, உறையின் ஓரத்தைப் பிரித்து, நிழலில் மின்விசிறிக்கு முன் நாட்கணக்கில் நிறுத்துங்கள். கொதிக்கும் வெயிலிலோ முடி உலர்த்தியின் சூட்டிலோ வைத்தால் பஞ்சு உலரும், பையின் ஒட்டுவாய் இளகும். திரும்ப மூடும்போது பஞ்சுக்கும் உறைக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை விரிக்கச் சொல்லுங்கள்.

மின்பம்பு வேலை செய்யவில்லை.

முதலில் ஃபியூஸைப் பாருங்கள், பிறகு தரைக்கம்பி, பிறகு ரிலே (பம்புக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சு). பம்பு ஓடும் சத்தம் கேட்டும் காற்று ஏறாவிட்டால் குழாய் கழன்றிருக்கிறது. பம்பு நிற்காமல் ஓடினால் கசிவாக இருக்கலாம். இரண்டாம் கையில் வந்ததென்றால், முன்னவர் கம்பியை ஃபியூஸ் இல்லாமல் நேரே பேட்டரியில் முறுக்கியிருக்கிறாரா என்று கட்டாயம் பாருங்கள். தீப்பிடிக்கும் வழி அது. சாவியை அணைத்தால் பம்புக்கும் மின்சாரம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது. கப்சாய் என்னும் சிறிய மோட்டார் சைக்கிளின் சின்ன பேட்டரிக்கு இந்த வகை தேவையே இல்லை என்பது என் கருத்து. கையால் நாலு அமுக்கு அமுக்க முடியாத அளவுக்கு யாருக்கு அவசரம்?

உறையை நானே பிரிக்கலாமா?

பொறுமை இருந்தால் பிரிக்கலாம். அடிப்பலகையில் வரிசையாக அடித்திருக்கும் ஸ்டேப்ளர் முள்களைத் தட்டைத் திருப்புளியால் நெம்பி, இடுக்கியால் பிடுங்க வேண்டும். பிரிக்கும் முன் உறையின் நடுக்கோட்டையும் பலகையின் நடுவையும் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப அடிக்கும்போது மூக்கு, வால், இடது, வலது என்று எதிரெதிராக இழுத்து அடித்தால்தான் சுருக்கம் விழாது. துருப்பிடிக்காத எஃகு முள் கேளுங்கள். பட்டர்வொர்த், ஜார்ஜ் டவுன் உப்புக்காற்றில் சாதாரண முள் சீக்கிரமே பழுப்பேறி அறுந்துவிடும்.

குஷன் கடையில் கொடுத்தால், உள்ளே காற்றுப்பை இருப்பதையும் அது எதுவரை இருக்கிறது என்பதையும் வாயால் சொல்லிவிட்டு, உறையின் மேலும் வரைந்து காட்டுங்கள். வெறும் பஞ்சு என்று நினைத்து முள்ளடித்தே பையைக் கொன்றவர்கள் உண்டு. முள் பலகையின் பருமனுக்கு மேல் நீளமாக இருக்கக் கூடாது. எடுக்கும்போது கடையிலேயே காற்றடித்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

வேறு மாடல் வண்டியின் காற்று இருக்கை என் வண்டிக்குப் பொருந்துமா?

அடிப்பலகையைப் பாருங்கள். முன்பக்க நாக்கு, பின்பக்கப் பூட்டுக் கொக்கி, சட்டத்தில் உட்காரும் ரப்பர்க் கட்டைகள் ஆகிய மூன்றும் அதனதன் இடத்தில் விழ வேண்டும். கொஞ்சம் பட்டை தீட்டினால் சரியாகிவிடும் என்று சொல்லிக் கொடுக்கிறவரை நம்ப வேண்டாம். ஓடும்போது இருக்கை கழன்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பொருந்தாத இருக்கை மலிவாகக் கிடைத்தால், பையையும் குழாயையும் எடுத்து உங்கள் பழைய இருக்கையில் வைத்துத் தைப்பது நல்ல வழி.

எனக்கு உயரம் குறைவு. கால் தரைக்கு எட்டாமல் போகுமா?

மேலே கட்டும் மெத்தை, சரியான அளவில் காற்று இருந்தால், ஓரிரு சென்டிமீட்டர்தான் உயர்த்தும். அதுவே உங்களுக்கு அதிகம் என்றால் இருக்கைக்குள் தைத்த வகையைத் தேடுங்கள், பஞ்சைக் குடைந்துதான் பை வைப்பதால் உயரம் அதிகரிக்காது. வார்களை இறுக்கிக் கட்டுங்கள். விளக்குச் சந்தியில் ஒற்றைக் காலை ஊன்றும்போது மெத்தை நழுவினால் வண்டியோடு விழ நேரிடும்.

முதுகுவலி போய்விடுமா?

உட்காரும் இடத்தில் வரும் வலியும் மரமரப்பும் குறையும். முதுகுவலிக்குக் கைப்பிடியின் உயரமும் குனிந்து உட்காரும் பழக்கமும் காரணமாக இருந்தால், காற்றால் ஒன்றும் ஆகாது. வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கினால், அல்லது இறங்கி நின்ற பிறகும் மரமரப்பு விலகாவிட்டால், மருத்துவரைப் பாருங்கள்.

வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

விற்பவரிடம் முதல் நாளே காற்றடித்து வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போதுதான் அவசர அவசரமாக அடிக்கிறார் என்றால் காரணம் இருக்கும். உட்கார்ந்து, இறங்கி, வேறு பேச்சுப் பேசிவிட்டு, மறுபடி உட்காருங்கள். குழாயை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு வாய் திறக்கும். மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள், பூஞ்சை நாற்றம் ஒளியாது. உறை புதிதுபோலவும் முள்கள் துருவேறியும் இருந்தால் நல்லது, உறை அசல். உறை பழையதாகவும் முள்கள் மட்டும் பளபளவென்றும் இருந்தால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள், எதற்காக என்று கேளுங்கள்.

கசிவு இல்லை என்று சொல்லித்தான் விற்றார். இப்போது போனை எடுக்கவில்லை. எங்கே முறையிடுவது?

விற்றவர் கடைக்காரராகவோ வியாபாரமாக விற்கிறவராகவோ இருந்தால் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம். பழைய பொருள் என்பதால் பொய் சொல்லி விற்கலாம் என்று இல்லை. பயனீட்டாளர் கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்தில் மனு கொடுக்கலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் வேண்டியதில்லை. விளம்பரத்தின் படம், உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, சோப்புத் தண்ணீரில் குமிழி எழும்பும் ஒரு சிறு காணொளி, இவை போதும். பினாங்கில் இருப்பவர்கள் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்திலும் யோசனை கேட்கலாம்.

விற்றவர் உங்களைப் போல ஒரு தனியாள் என்றால் அந்த மன்றம் உதவாது, பேசித் தீர்ப்பதுதான் வழி. பேசும் முன் குற்றம் எங்கே என்று கண்டுபிடித்துவிடுங்கள். ஒரு சென்டிமீட்டர் குழாயை வெட்டினால் தீரும் கோளாறுக்கு நட்பை முறித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

எப்போது கைவிடுவது?

ஒட்டுவாய் பிரிந்து, மாற்றுப் பையும் கிடைக்காவிட்டால். பையை எடுத்துவிட்டு அந்தக் குழியில் அதே அளவுக்குக் கெட்டிப் பஞ்சு வெட்டி ஒட்டச் சொல்லுங்கள், இருக்கை வீணாகாது. குமிழ், வால்வு, நல்ல நிலையில் உள்ள குழாய் ஆகியவற்றைக் கழற்றி எடுத்து வைத்துக்கொண்டு பையை மட்டும் எறியுங்கள். அந்தக் குமிழைத் தேடிக்கொண்டு வேறொருவர் விளம்பரம் போட்டிருப்பார்.